மாவீரன் பாலவேசம் சிகரம்

உட்காருங்கள் தம்பி, இந்தப் பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அவசரப்பட்டு வரிசையில் போய் நிற்க வேண்டாம். ஆட்சியர் பதினொன்றுக்கு முன்னால் வரமாட்டார். வந்ததும் காலிக்குடத்தோடு நிற்கிற அந்தப் பெண்களைப் பார்ப்பார், தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுக்க வேண்டும் அல்லவா. நம்மைப் போலத் தனி ஆட்கள் உள்ளே போகப் பன்னிரண்டரை ஆகும். திங்கட்கிழமை தவறாமல் வருகிறவன் சொல்கிறேன்.

உங்கள் மனு என்ன? பட்டா பெயர் மாற்றமா? அப்பா பேரிலிருந்து உங்கள் பேருக்கு. நல்லது, கிடைக்கும். நாலு தடவை நடக்கவிடுவார்கள், அப்புறம் கிடைக்கும். என்னுடையதும் பெயர் சம்பந்தப்பட்டதுதான். இடம்தான் கொஞ்சம் தூரம். தென் துருவம்.

சிரிக்கலாம், எல்லோரும் சிரிக்கிறார்கள். அங்கே மனு பதிகிற அந்தப் பெண், கண்ணாடி போட்டது, முதல் தடவை 'எந்த வட்டம் தாத்தா?' என்று கேட்டது. வட்டத்தின் பேர் போடாமல் கணினியில் மனு பதிவாகாதாம். 'அண்டார்டிகா என்று போடம்மா' என்றேன். 'லிஸ்ட்ல இல்லையே தாத்தா' என்றது. கடைசியில் இறந்துபோன ஆள் பிறந்த ஊரை வைத்து ஸ்ரீவைகுண்டம் வட்டம் என்று போட்டோம். அன்றிலிருந்து தென் துருவத்து மலை ஒன்று ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் இருக்கிறது. தாசில்தாரிடமிருந்து எனக்குப் பதிலும் வந்திருக்கிறது: 'தாங்கள் குறிப்பிடும் மலை இவ்வட்டத்தில் கள ஆய்வு செய்ததில் காணப்படவில்லை.' கள ஆய்வு செய்தார்களாம்.

என் பெயர் அரியமுத்து. தென்கடல் உழைப்பாளர் பேரவைத் தலைவர். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் அப்பாவைக் கேட்டால் தெரியும், ஆனால் அவர் பேரிலிருந்து பட்டா மாறுகிறது என்றால் அவரும் இல்லை. ஒரு காலத்தில் நான் ஒரு துண்டறிக்கை போட்டால் துறைமுகத்தில் கிரேன் நிற்கும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் அச்சாபீசில் நின்று, மை காயாத துண்டறிக்கையில். ரஷ்யப் புரட்சியும் அப்படிப் படித்ததுதான், பூகோளமும் அப்படித்தான். பட்டம் வாங்கியவர்களோடு நேருக்கு நேர் வாதாடியிருக்கிறேன். ஒருவரும் என்னைத் தோற்கடித்ததில்லை. வாதத்தில் தோற்கடித்ததில்லை என்று சொல்கிறேன்.

பாலவேசம் என் சங்கத்து ஆள். துறைமுகப் பட்டறையில் மெக்கானிக். சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை போட்ட வண்டிகள் இருக்கிறதே, புல்டோசர் மாதிரி, அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வான். பேசமாட்டான். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து நகத்திலிருந்து கிரீஸ் எடுத்துக்கொண்டிருப்பான். எண்பத்தேழில் அரசாங்கம் தென் துருவத்துக்கு ஆராய்ச்சிக் குழு அனுப்பியபோது பனியில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். இவன் எழுதிப் போட்டான், எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது இங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. பதினேழாவது நாள். நான் என்ன செய்ய முடியும்? ஒரு துண்டறிக்கை போட்டேன். 'பனிக்கட்டிக்கு விலைபோன கருங்காலி' என்று தலைப்பு. அவன் கிளம்பிய அன்று ரயில் நிலையத்தில் விநியோகித்தோம். அவன் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டானாம். அது வேறு காலகட்டம் தம்பி. அன்றைய சூழலுக்கு அது சரி. பின்னால் சூழல் மாறியது, நிலைப்பாடு மாறியது. இதைப் புரிந்துகொள்ளாமல் அவன் மனைவி அன்னப்பழம் பத்து வருடம் கழித்தும் அதையே சொல்லிக் காட்டியது.

அவன் திரும்பி வரவில்லை. மறு வருடம் ஜனவரியில், அங்கே அது கோடைகாலம், நிலையத்திலிருந்து தெற்கே மலைப் பக்கம் போன வண்டி ஒன்று நின்றுவிட்டது. சரிசெய்யப் போயிருக்கிறான். பனியில் பிளவுகள் இருக்குமாம், மேலே மெல்லிய பனி மூடி, பார்த்தால் சமதரைபோலத் தெரியுமாம். காலை வைத்தான், போய்விட்டான். கயிறு விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருநூறு அடிக் கயிறு அடியைத் தொடவில்லை. உடல் இல்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் வாங்கவே நான் எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.

அந்தக் குழுவில் போன பாறை ஆராய்ச்சியாளர் ஒருவர், ஜேக்கப் என்று பேர், கோட்டயத்துக்காரர், பாலவேசத்தின் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் குடும்பம் இருந்த முத்தையாபுரம் வந்தார். அன்னப்பழம் உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தது. அங்கேயே போய்ப் பார்த்தோம். ஏப்ரல் மாதம். பாத்தி முழுக்க உப்பு விளைந்து, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. ஜேக்கப் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார்.

'என்ன சார்?' என்றேன்.

'அவ்விடம் இதுபோலேதான்' என்றார். 'இதே வெள்ளை. தூரத்தில் குவிச்சு வச்சிருக்கே உப்பு, அதுக்குப் பதில் கருத்த மலை.'

அன்னப்பழம் வாருகோலைக் கீழே போட்டுவிட்டு அவரையே பார்த்தது. 'குளிருமோ சார்?' என்று கேட்டது. அந்த ஒன்றைத்தான் கேட்டது.

ஜேக்கப் ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தார். பேரவை அலுவலகத்தில் மேசைமேல் விரித்துக் காட்டினார். நான் அதைப் பதினைந்து வருடம் சுவரில் மாட்டி வைத்திருந்தேன், கண்ணை மூடினாலும் தெரியும். நாம் நினைப்பதுபோல அது மலையடிவாரம், சரிவு, உச்சி என்று நிற்கிற மலை இல்லை தம்பி. ஆயிரம் அடி, ஈராயிரம் அடி, சில இடத்தில் அதற்கும் மேலே பனி நிரம்பிக் கிடக்கிறது. அதில் முக்கால்வாசி மலை முங்கிப்போய், உச்சிகள் மட்டும் வெளியே தலைநீட்டுகின்றன. கிழக்கு மேற்காக நூறு கல் தூரம் அப்படித் தலைதலையாக நிற்கிறது. புல் கிடையாது, மனிதன் பிறந்தது கிடையாது. அந்த இடத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. ஆனால் பேர் இருக்கிறது! ஒவ்வொரு உச்சிக்கும் பேர். ஒரு நாட்டுக்காரன் விமானத்தில் பறந்து, காலைக் கீழே வைக்காமலே, படம் எடுத்துக்கொண்டு போய், ஊரில் உட்கார்ந்து பேர் வைத்திருக்கிறான். அடுத்து வந்தவன் அதே உச்சிக்குத் தன் மந்திரி பேரை வைத்தான். பணம் கொடுத்த தொழிற்சாலை முதலாளி பேரில் ஒரு மலை. எவனோ தளபதியின் பெண்டாட்டி பேரில் ஒரு பனியாறு. சறுக்குவண்டி இழுத்த நாய்க்கு ஒரு மலை. நாய்க்கு!

நான் கேட்டேன்: 'ஜேக்கப் சார், இதில் உழைக்கிறவன் பேர் ஒன்றாவது உண்டா?'

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேடினார். பிறகு பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். 'இது பாலவேசம் விழுந்த பிளவுக்கு அருகே. சின்ன உச்சி. இதுக்குப் பேரில்லை. வெறும் நம்பர்.' உயரம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து மீட்டர் என்று மட்டும் போட்டிருந்தது.

அன்னப்பழம் பக்கத்தில்தான் நின்றது. அந்தப் புள்ளியை விரலால் தொட்டது. உப்பில் வெடித்த விரல். 'சார், இதுக்கு அவிய பேரப் போட முடியுமா?' என்றது. 'பொணம் வரல. குழி இல்ல. கல்லற நாளுக்கு எல்லாரும் ஒரு எடத்துக்குப் போறாவ, விளக்கு வைக்காவ. நான் எங்க பாத்து வைக்க? இந்தா, இங்கதான் கெடக்காவன்னு காட்ட ஒரு பேரு இருந்தாப் போதும்.'

அதற்குப் பத்து வயசில் ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்றது.

நான் உடனே எழுந்துவிட்டேன். அது ஒரு சாதாரணக் கோரிக்கை இல்லை தம்பி. உலக வரைபடத்தில் ஓர் உழைப்பாளியின் பேர்! அன்றைக்கே துண்டறிக்கை எழுதினேன். அன்னப்பழம் 'பேரு' என்று கேட்டது. நான்தான் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தேன்: 'உழைப்பாளர் திலகம், பனிப்போர் தியாகி, மாவீரன் பாலவேசம் சிகரம்.' எங்கள் பொருளாளர் எட்வின், எல்லாவற்றுக்கும் நக்கலடிக்கிற ஆள், படித்துவிட்டு, 'அண்ணாச்சி, பனிப்போர்னா அமெரிக்காவும் ரஷ்யாவும்லா போட்டாவ? இவன் வண்டிக்கு ஆயில் மாத்தப் போனவன்' என்றான். அவனுக்கு அரசியல் பிடிபட்டதே இல்லை.

பதிமூன்று வருடம் நடந்தது. தபால் அட்டை இயக்கம், மாட்டுவண்டிப் பேரணி, உப்பில் மலைபோல் குவித்து அதற்கு மாலை போட்டு ஒரு நிகழ்ச்சி. ஜேக்கப் தன் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அந்த அலுவலகத்தின் பேர் இப்போது எதற்கு, பேர் வைக்கிற குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உச்சிக்கு 'பாலவேசம்' என்று பேர் வைக்க இசைகிறோம். முன்மொழிந்த அமைப்பும் குடும்பத்தாரும் இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டுத் தொண்ணூறு நாளுக்குள் அனுப்புக. உலக விதிப்படி பட்டம், பதவி, அடைமொழி எதுவும் சேர்க்க இயலாது.

கடைசி வரியைப் பாருங்கள். சேர்க்க இயலாது!

அன்னப்பழத்துக்கு ஆள் விட்டேன். உப்பளத்திலிருந்து முட்டளவு உப்புநீர் காயாமல் ஓடிவந்தது. எட்வின் படித்துக் காட்டினான். அது தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. அழுததா சிரித்ததா தெரியவில்லை. 'எங்க கையெழுத்துப் போடணும் அண்ணாச்சி?' என்றது.

'பொறும்மா' என்றேன். 'இதை இப்படியே ஏற்க முடியாது.'

'ஏன் அண்ணாச்சி?'

'மாவீரன் எங்கே? தியாகி எங்கே? மொட்டையாகப் பாலவேசம் என்றால் அது யார்? எவன் வேண்டுமானாலும் பாலவேசம். ராஜாக்களுக்கு ராஜா என்று போட்டிருக்கிறான், உழைப்பாளிக்கு மட்டும் விதியா?'

'பேரு மட்டும் போதும் அண்ணாச்சி.'

'பேர் மட்டும் போதுமென்றால் அது ரேஷன் கார்டு அம்மா, வரலாறு இல்லை.'

எட்வின் சொன்னான்: 'அண்ணாச்சி, அங்க ஒரு காக்கா குருவி கெடையாது. எவன் நின்னு மாவீரன்னு வாசிக்கப் போறான்? அன்னப்பழம் கேக்குது, போட்டு அனுப்பிருவோம்.'

நான் மேசையைத் தட்டினேன். 'பொதுக்குழு முடிவு செய்யும்' என்றேன். பொதுக்குழு கூடியது. நான் இரண்டரை மணி நேரம் பேசினேன். ஒருமனதாகத் தீர்மானம்: அடைமொழியை மறுக்கும் அலுவலகத்தைக் கண்டித்து, கடித நகல் எரிப்புப் போராட்டம், தலைமை அஞ்சல் நிலையம் முன்பு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

நீங்கள் இந்தக் காலத்துப் பிள்ளை, உங்களுக்குத் தெரியாது. நகல் எரிப்பு என்பது எங்கள் இயக்க மரபு. சட்டம் பிடிக்கவில்லையா, சட்ட நகலை எரி. ஆணை பிடிக்கவில்லையா, ஆணை நகலை எரி. நகலை எரித்தால் வழக்கு சின்னது, மாலையில் விட்டுவிடுவார்கள். அசல் பத்திரமாகக் கோப்பில் இருக்கும். நான் இருபத்திரண்டு நகல் எரிப்பு நடத்தியவன்.

அன்று காலை நகரில் மின்சாரம் இல்லை. பராமரிப்பு நிறுத்தம். நகலெடுக்கும் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தப்பு யாருடையது? மின்வாரியத்துடையது. ஒன்பதே முக்காலுக்கு எட்வின் வந்து, 'அண்ணாச்சி, நகல் எடுக்க முடியல, தள்ளி வைப்போமா?' என்றான். போலீஸ் வந்து நிற்கிறது. மூன்று பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். தட்டிகள் கட்டியாகிவிட்டது. நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள். வெறும் தாளை எரிப்பதா? அது மோசடி. நான் வாழ்க்கையில் மோசடி செய்ததில்லை.

கோப்பில் இருந்ததை எடுத்தேன்.

கொளுத்தும்போது அன்னப்பழம் கூட்டத்தில் இருந்தது. நான் கூப்பிட்டுத்தான் வந்தது, முன்வரிசையில் தியாகியின் துணைவி நிற்க வேண்டும் அல்லவா. தாளின் நிறத்தைப் பார்த்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த அலுவலகத் தாள் லேசான நீலம், நகலெடுத்தால் வெள்ளையாகத்தானே வரும். 'அண்ணாச்சி, அது நெசம்! அது நெசம் அண்ணாச்சி!' என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது. கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இது புதுக் கோஷம் என்று நினைத்து, 'நெசம் நெசம்' என்று திருப்பிச் சொன்னார்கள். பெண் போலீஸ் அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது, தீக்குளிக்க வருகிறது என்று நினைத்து. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நல்ல படம். என் முகம் தெளிவாக விழுந்திருந்தது.

படிவமும் அந்தக் கடிதத்தோடு குண்டூசி போட்டு இருந்தது. அதுவும் போயிற்று.

அப்புறம் தந்தி அடித்தேன். பதில் வந்தது: 'எமது கடித எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும்.' கடித எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஜேக்கப்புக்குப் போன் போட்டேன். அவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, 'தோழரே, பதிமூணு வருஷம்' என்றார். வைத்துவிட்டார். ஆனாலும் நல்ல மனுஷர், யார் யாரையோ பிடித்து இரண்டாவது கடிதம் வாங்க ஏற்பாடு செய்தார். அது வருவதற்குள் தொண்ணூறு நாள் முடிந்து, நூற்றுப் பத்தாவது நாள், வேறொரு நாடு ஒரு பட்டியல் வெளியிட்டது. முப்பத்தொரு உச்சிகளுக்குப் பேர். அதில் ஒன்று இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து மீட்டர். ஓர் இடத்துக்கு ஒரு பேர்தான், முதலில் பதிந்தவர் பேர்தான், அது விதி. என்ன பேர் தெரியுமா? அவர்கள் நிலையத்தில் செத்துப்போன நாயின் பேர்.

அதற்கு அடைமொழி இல்லை. வெறும் நாய் பேர்.

யாருடைய தவறு என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு சொல்லைச் சேர்க்க மறுத்தது அவர்கள். மின்சாரத்தை நிறுத்தியது வாரியம். தாளை நீலத்தில் அடிக்காமல் வெள்ளையில் அடித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவும் செய்யாது, அதற்கு அவ்வளவு வருத்தமும் இருந்திருக்காது. எட்வின் மறு மாதமே பேரவையை விட்டுப் போய்விட்டான். போகும்போது, 'நீங்க பாலவேசத்த ரெண்டு தடவ குழில தள்ளிட்டிய அண்ணாச்சி' என்றான். மேடைப் பேச்சு. நான் பழக்கிக் கொடுத்ததுதான்.

எல்லோரும் போனார்கள். நான் மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் இங்கே வருகிறேன். வேறு ஏதாவது உச்சி, ஒரு பாறை, ஒரு பிளவு, எதற்காவது அவன் பேர். அந்தத் தொடரில் பேர் இல்லாத கல் இனி இல்லை என்று எழுதிவிட்டார்கள். அப்படியும் வருகிறேன். அன்னப்பழம் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடும். அதன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, பத்திரிகை வைக்கவில்லை. நன்றியை எதிர்பார்த்துப் பொதுவாழ்வுக்கு வரக்கூடாது தம்பி.

போன மாதம் ஒன்று நடந்தது. பனி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், சென்னையிலிருந்து, பழைய அறிக்கையில் பாலவேசம் பேரைப் பார்த்துவிட்டு ஊர் தேடி வந்தது. என்னிடம்தானே அனுப்புவார்கள். நல்ல பிள்ளை. பேரவை அலுவலகத்தில், இப்போது அது என் வீட்டு முன்னறைதான், உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னது. மலைதான் அசையாதாம். பனி அசையுமாம். பார்த்தால் கல்மாதிரி கிடந்தாலும், தன் கனத்தாலேயே மெதுவாக, மலைகளுக்கு இடையே வழிந்து, கடலைப் பார்த்து நகருமாம். அந்தப் பகுதியில் வருடத்துக்குப் பத்து மீட்டர். பனிக்குள் விழுந்த எதுவும் அதோடு போகும்.

எனக்குப் பொறிதட்டியது. அப்படியென்றால் பாலவேசம் அந்த உச்சிக்குப் பக்கத்தில் இப்போது இல்லை! என்றைக்கோ கிளம்பிவிட்டான்! நாய் பேர் வைத்த மலையில் நம் ஆள் இல்லை என்றால் நமக்கு என்ன நஷ்டம்? இருபது வருடமாக அந்தப் பெண் என்னைக் குற்றவாளியாகப் பார்த்ததே, அடிப்படையே தவறு. இதை உடனே சொல்ல வேண்டும் என்று முத்தையாபுரம் போனேன். பேருந்தில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனேன். எழுபத்தாறு வயது எனக்கு.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தது. 'நில்லும்மா, பாலவேசத்தைப் பற்றிப் புதுத் தகவல்' என்றேன். நின்றது. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பனி எப்படி நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது.

முறத்திலிருந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கியது. பிறகு கேட்டது: 'எந்தத் திக்குல போறாவ?'

'வடக்கே. கடலைப் பார்த்து.'

'வடக்கயா?' தலையை நிமிர்த்திப் பார்த்தது. முகம் எப்படியோ ஆகிவிட்டது தம்பி, அந்த உப்பளத்தில் ஜேக்கப்பைப் பார்த்த வயசுக்குப் போய்விட்டது. 'அப்ப நம்ம பக்கமாத்தான் வாராவ.'

நான் பொய் சொல்லிப் பழக்கப்படாதவன். மக்களிடம் அறிவியலை உள்ளபடி சொல்ல வேண்டும். 'அப்படி இல்லையம்மா' என்றேன். 'உலகத்தின் அடியில் இருக்கிறது அது. அங்கேயிருந்து எந்தக் கரைக்குப் போனாலும் வடக்குதான். ஆப்பிரிக்காவும் வடக்கு, ஆஸ்திரேலியாவும் வடக்கு. அது நம் பக்கம் என்று அர்த்தம் ஆகாது. அப்புறம் கணக்குப் பார். கடற்கரைக்கு நூறு கிலோமீட்டர். வருடத்துக்குப் பத்து மீட்டர். ஆகப் பத்தாயிரம் வருடம்.'

அது என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல.

'எத்தன வருசம்னு நான் கேக்கலியே அண்ணாச்சி' என்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

சாத்தட்டும். படிக்காத பெண், வகுத்தல் புரியவில்லை. ஆனால் அது சொன்ன வாசகம் இருக்கிறதே, 'நம்ம பக்கமாத்தான் வாராவ', அதில் ஒரு வீச்சு இருந்தது. அதை விட மனசு வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். நாலு வருடமாகச் சுவரொட்டியே போடவில்லை, இதைச் சொந்தக் காசில் போட்டேன். மேலே பேரவை பேர். அடுத்து, 'வருகிறார்! வருகிறார்!' நடுவில் பெரிய எழுத்தில், 'உழைப்பாளர் திலகம், பனிப்போர் தியாகி, மாவீரன் பாலவேசம்.' கீழே, 'தாய்மண் நோக்கிப் புறப்பட்டுவிட்ட தியாகியை வரவேற்க அரசே ஆவன செய்!' அதற்கும் கீழே, 'இவண், அரியமுத்து, தலைவர்.' இன்றைய மனுவும் அதுதான். பாருங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமுகநேரியிலிருந்து ஆள் பிடித்து முத்தையாபுரம் பூராவும் ஒட்டச் சொன்னேன். அன்னப்பழம் வீட்டு மதிலிலும் ஒன்று. அங்கே ஒட்டாமல் வேறெங்கே ஒட்டுவது?

நேற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்னப்பழம் வெளியே வந்தது. ஒரு வாளித் தண்ணீர், கையில் பழைய தோசைக்கரண்டி. சுவரொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. தண்ணீரை அள்ளி அள்ளி விட்டது. ஊறவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தது. முதலில் கீழே என் பேர். அதற்கு மேலே 'ஆவன செய்'. பிறகு மேலே போய் 'வருகிறார், வருகிறார்' இரண்டும். பேரவை பேர். 'உழைப்பாளர் திலக'த்துக்கு ரொம்ப நேரம் ஆனது, மைதா மாவில் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, நல்ல பசை. 'பனிப்போர் தியாகி' போயிற்று. 'மாவீரன்' என்பதை எழுத்து எழுத்தாக, நகத்தால் சுரண்டி எடுத்தது. பக்கத்து எழுத்தில் கை படாமல், ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்தது.

அதோடு நிறுத்திவிட்டது. 'பாலவேசம்' என்ற ஒரு சொல் மட்டும் சுவரில் இருந்தது. முந்தானையை நனைத்து அதைச் சுற்றி வழிந்த பசையைத் துடைத்தது. இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்த்தது. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

டீக்கடைக்காரன், 'என்ன அண்ணாச்சி, உங்க பேரையே சொரண்டிட்டாவ?' என்றான். டீக் காசை வைத்துவிட்டு எழுந்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும் அதற்கு, கை ஓய்ந்திருக்கும், அதனால்தான் கடைசிச் சொல்லைச் சுரண்டாமல் விட்டுவிட்டது. வேறென்ன காரணம் இருக்க முடியும்? மொட்டையாக ஒரு பேர் மட்டும் சுவரில் நிற்கிறது. போகிறவர் வருகிறவர் பார்த்தால் யார், எவர், எதற்கு என்று ஒன்றும் தெரியாது. தியாகிக்கு அது அவமானம்.

புதன்கிழமை ஆள் வருகிறான். அதன்மேலேயே ஒரு முழுச் சுவரொட்டி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.